யாரையாவது விட்டுட்டோமா?

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பேப்பரில் வந்துவிட்டது! ஓரத்தில் நாலு வரி இல்லை அக்கா, அரைப் பக்கம். அதுவும் கலரில். டிவிக்காரர்கள் பாதியில் ஊற்றி மூடிய நம்ம ‘அப்பால்’ தொடர் சினிமாவாக வருகிறது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நடுவில் நம்ம விண்வெளிக் கப்பல் ஆமையின் படம். அதே நசுங்கின மூக்கு, அதே ஒட்டுப்போட்ட முதுகு. விண்கலம் என்றால் பளபளவென்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு அது பழைய இரும்புக் கடை மாதிரிதான் தெரியும். எனக்கு அதைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடையில் ஒரு பெரியவருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, என் பவர் அவ்ளோ மோசமா?" என்று பயந்துவிட்டார்.

போன் அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். நீ எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகமோ என்னவோ. சரி, பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதின கை இன்னும் மறக்கவில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

செய்தி வந்த அன்றைக்குக் காலையில் நம்ம ரசிகர் மன்றத்து மருந்துக்கடைக்காரர் தெருமுனைக் கடையில் இருந்த பேப்பரை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "உங்க வீட்ல யாராவது பாஸாயிட்டாங்களா சார்?" என்று கடைக்காரர் கேட்டாராம். "எங்க ஆமை பாஸாயிடுச்சு" என்றாராம் இவர். சாயங்காலம் எல்லோரும் வங்கி மேடம் வீட்டில் கூடினோம். ஆமை வடிவத்தில் கேக் சொல்லியிருந்தோம். வந்தது மிதிபட்ட செருப்பு மாதிரி இருந்தது. அதையும் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். மேடம் செய்தியை உரக்கப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் கைத்தட்டல். ‘விடாப்பிடியான ரசிகர்கள்’ என்று ஓர் இடத்தில் வருகிறது. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னோம்.

நீ திரைக்குப் பின்னால் நின்று, "எல்லாரும் ஏறியாச்சா? யாரையாவது விட்டுட்டோமா?" என்று கேட்காமல் நம் மன்றத்தில் ஒரு கூட்டமும் ஆரம்பித்தது கிடையாது. அன்றைக்கு நீ இல்லாததால் மருந்துக்கடைக்காரர் கேட்டார். நாங்கள் எல்லோரும் வழக்கம்போல "இல்லை!" என்று கத்தினோம்.

செய்தியின் முதல் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். உள்பக்கத்தில் என்னிடம் ஏதோ பேட்டி மாதிரி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதையும் வைத்தால் கவர் தடித்துவிடும். பெரிதாக ஒன்றுமில்லை. யார் கையிலாவது பார்த்தாலும் கண்டுகொள்ளாதே.

போனை எடு அக்கா. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

---

மார்ச் 9

தம்பிக்கு,

கவர் தடித்துவிடும் என்று நீ விட்டுவிட்ட உள்பக்கம், உன் கவர் வருவதற்கு முன்பே எனக்குக் கிடைத்துவிட்டது. இங்கே ஆஸ்பத்திரியில் பில் போடுகிற பெண் கொண்டுவந்தாள். "அக்கா, உங்க தம்பி போட்டோ வந்திருக்கு, ட்ரீட் எப்போ?" என்று மேஜையில் விரித்தாள். அவளுக்குப் படிக்க நேரம் இல்லை, போட்டோவை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். நான் படித்தேன்.

"கப்பலோட குரலா? அது வெறும் மெஷின் சத்தம்தானே. யார் பேசினாலும் ஒண்ணுதான். இவ்வளவு பெரிய நடிகை அதுக்குப் பேசறாங்கன்னா எங்களுக்குப் பெருமைதான்." ரசிகர் மன்றச் செயலாளர். கீழே உன் சிரிப்பு.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் தெரியாதவன் மாதிரி பேட்டி கொடுத்திருக்கிறாய், அதனால் ஒரு தடவை சொல்லி வைக்கிறேன். நான் அந்தத் தொடரில் ஒலிப்பதிவுப் பிரிவில் உதவியாளாக இருந்தேன். கப்பல் பேசும் வரிகளை, நடிகர்களுக்கு எடுத்துக்கொடுப்பதற்காக, ஒட்டுப்பலகைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து நான் வாசித்தேன். பிறகு ஒரு நல்ல குரல்காரரை வைத்துப் பேச வைக்கப்போவதாகத்தான் ஏற்பாடு. எடிட்டிங்கில் போட்டுப் பார்த்துவிட்டு இயக்குநர், "வேற யாரும் வேணாம், இதுதான் கப்பல்" என்று சொல்லிவிட்டார். டைட்டிலில் என் பெயருக்குப் பதில் ‘கப்பல்: கப்பல்’ என்று போட்டார். கப்பலுக்குள் ஓர் ஆள் இருப்பது தெரிந்தால் மந்திரம் போய்விடுமாம். எனக்கும் அது வேடிக்கையாக இருந்தது. "இது வளர்ந்து படமாச்சுன்னா உன் பேரைத் தனியா, முழுத்திரையில போடறேன்" என்றார். தொடரே நின்றுபோனது. அவரும் இறந்துபோய்விட்டார். நான் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிற மைக்குக்கு வந்தேன்.

அப்படியென்றால் அந்தக் குரல் என்னுடையது என்று சொல்ல யார் மிச்சம்? நீயும் உன் மன்றமும்தான். ஒரு காகிதத்தில் கிடையாது, ஒரு டைட்டிலில் கிடையாது. உங்கள் வாயில்தான் இருந்தது. ஒரே ஒரு தடவை என் பெயர் திரையில் வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், அதை நான் மறைத்ததும் இல்லை. நீயும் என்னோடு சேர்ந்துதானே ஆசைப்பட்டாய்? எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சுவரில் கை வைத்து அளந்து காட்டியவன் நீ.

போன் செய்யாதே. உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். என் குரல் இனி உனக்குக் கிடையாது. மெஷின் சத்தம் கேட்க வேண்டுமென்றால் வீட்டு மிக்ஸியைப் போட்டுக்கொள். என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் எழுது, படிக்கிறேன். அம்மா உன்னோடு பேசுவாள், அதை நான் தடுக்கவில்லை.

அக்கா

---

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். பிறகு ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டேன். அவர் வாசற்படியில் தடுக்கித் திரும்பி வந்தார்.

நான் அப்படிச் சொல்லவில்லை அக்கா. சத்தியமாக. பேப்பர்காரர்களைப் பற்றி உனக்குத் தெரியாதா? நாம் ஒரு முழம் பேசினால் ஒரு விரல் நீளம் வெட்டிப் போடுவார்கள். ‘மெஷின் சத்தம் மாதிரியே இருக்காது, உயிரோட இருக்கும், அந்த மாதிரி யார் பேசினாலும் சந்தோஷம்தான்’ என்று சொன்னேன். அதை நடுவில் கத்தரித்து, தலையையும் வாலையும் ஒட்டிவிட்டார்கள். அந்த நிருபர் சின்னப் பெண். அவசரத்தில் குறித்திருக்கலாம். நான் என்ன செய்ய முடியும்?

மேடம் அன்றைக்கு அந்த வரியை உரக்கப் படித்தபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு யாரோ, "கேக் வெட்டலாமா?" என்றார்கள். வெட்டினோம். எல்லோருக்கும் அந்த நேரத்தில் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை, அவ்வளவுதான். உன்னை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. போகும்போது மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்று, "அக்கா ஏன் வரலை?" என்று மெதுவாகக் கேட்டார். வேலை என்று சொன்னேன்.

அம்மாவோடு பேசும்போது பின்னால் உன் சத்தம் கேட்கும் என்று பார்க்கிறேன். டிவி சத்தம்தான் கேட்கிறது. நேற்று பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. நீதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோபம் குறைந்ததும் ஒரு வார்த்தை எழுது.

தம்பி

---

மார்ச் 22

தம்பிக்கு,

பாத்திரத்தைப் போட்டது பூனை. நீ அம்மாவோடு பேசும்போது நான் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். கொடியில் துணி காயாமல் இருந்தாலும் மடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் கடிதத்தை நம்பினேன். முழுசாக இல்லை, முக்கால்வாசி. தம்பி சொல்கிறானே, பேப்பர்காரர்கள் வெட்டித்தான் இருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாவது நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, "இப்படி வெட்டலாமாம்மா?" என்று கேட்கலாம் என்று பேப்பர் ஆபீஸ் நம்பரைப் பிடித்தேன்.

அந்தப் பெண் போனை எடுத்தாள். "வணக்கம், ஒரு செய்தி விஷயமா பேசணும்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "மேடம், நீங்க… நீங்க ஆமைதானே?" என்றாள். டேய், நான் இன்னும் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவள் சின்ன வயதில் அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவளாம். அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிட்டது.

அவள் ஒன்றையும் வெட்டவில்லை. நீ எழுதி அனுப்பியதை அப்படியே போட்டிருக்கிறாள். பேச்சில் ஏதாவது தப்பாக வந்துவிடும், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறாய். இன்னொன்றும் சொன்னாள். ‘அந்தக் குரல் யாருடையது, அவர் இப்போது எங்கே இருக்கிறார்?’ என்று உன்னிடம் தனியாகக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு அதுதான் பெரிய கேள்வி. அதற்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அது யாருன்னே தெரியாதுங்க. ஸ்டுடியோல யாரோ ஒருத்தங்க."

யாரோ ஒருத்தங்க. உனக்குச் சளி பிடித்தால் இரவெல்லாம் முதுகைத் தேய்த்துவிட்ட யாரோ ஒருத்தி.

"நான் திருத்தம் போடறேன் மேடம், உங்க பேட்டியோட போடறேன்" என்று அந்தப் பெண் கெஞ்சினாள். வேண்டாம் என்றேன். போட்டால் என் தம்பி பொய்யன் என்று ஊர் முழுக்கப் படிக்கும். வேண்டாம் என்று சொல்லும்போது எனக்கு அவ்வளவு ஆத்திரம். உன்மேல் மட்டும் இல்லை. அந்த நேரத்திலும் உன்னைக் காப்பாற்றத் தோன்றியதே, அதற்கு என்மேலும்.

இனிமேல் பேப்பர்காரர்களைப் பழி சொல்லாதே. உண்மையை எழுது, இல்லாவிட்டால் எழுதாதே.

அக்கா

---

ஏப்ரல் 6

அக்கா,

எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து இவ்வளவு நாளாகிவிட்டது.

ஜனவரி கடைசியில் படக்கம்பெனியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய கண்ணாடி அறை, நீள மேஜை. தண்ணீர் பாட்டிலைக்கூட எனக்குத் திறந்து கொடுத்தார்கள். மேனேஜர் ஒருவர், நல்ல மரியாதையான ஆள், பக்குவமாகப் பேசினார். "சார், கப்பலுக்கு அந்த நடிகை மேடம் பேசறாங்க. அவங்க பேரை வெச்சுத்தான் படத்துக்கே முதலீடு வருது. பழைய குரலுக்குச் சொந்தக்காரங்கன்னு யாராவது கிளம்பினா வழக்கு அது இதுன்னு போயிடும், படம் நின்னுடும். ரசிகர்களே பிரச்சினை இல்லைன்னு சொல்லிட்டா போதும்" என்றார். நான் என் அக்காதான் அது என்று சொல்ல வாயெடுத்தேன். நிஜமாகவே வாயெடுத்தேன். "இன்னொரு தடவை நின்னா இனி எந்திரிக்காது சார்" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

நீயே யோசித்துப் பார். எத்தனை வருஷம் மனு எழுதினோம். எத்தனை வாசலில் நின்றோம். மருந்துக்கடைக்காரருக்கு இருதயத்தில் கோளாறு, படம் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கம் அத்தனை பேர், ஒரு பக்கம் நீ. நீ என்றால் புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். மற்றவர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

நான் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. கப்பல் ஊழியர்கள் போடும் அந்த நீல ஜாக்கெட் ஒன்று கொடுத்தார்கள். படத்தில் ஒரு காட்சியில் நடைபாதையில் நான் நடந்து போகிறேன். பின்பக்கம்தான் தெரியும்.

உண்மையை எழுது என்றாய், இதையும் எழுதிவிடுகிறேன். என்னை மன்றத்தில் எல்லோரும் எப்படி அறிமுகம் செய்வார்கள் தெரியுமா? ‘ஆமையோட தம்பி.’ செயலாளர் என்று ஒருவரும் சொன்னதில்லை. நாற்காலி போடுகிறவன் நான், ஹால் பிடிக்கிறவன் நான், மனுவுக்கு வீடு வீடாகப் போனவன் நான். நீ திரைக்குப் பின்னால் வந்து ஒரு வரி பேசுவாய், எல்லோரும் உருகிப்போவார்கள். அன்றைக்கு அந்தக் கண்ணாடி அறையில்தான் முதல் தடவையாக ஒருவர் என்னிடம், "நீங்க என்ன நினைக்கறீங்க சார்?" என்று கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. திட்டு, ஆனால் பிடித்திருந்தது.

இன்னொரு விஷயம். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அந்த நடிகைக்கு ‘யாரையாவது விட்டுட்டோமா?’ வரவே இல்லையாம். நாள் முழுக்கப் பேசிப் பார்த்துவிட்டார்களாம். ஒன்று அதட்டுகிற மாதிரி வருகிறதாம், இல்லாவிட்டால் கொஞ்சுகிற மாதிரி. பழைய குரல் உன்னுடையது என்று எப்படியோ தெரிந்துகொண்டு, இரண்டு நாள் வந்து சொல்லிக் கொடுக்க முடியுமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்கள். காரே அனுப்புவார்களாம். யாருக்கும் தெரிய வேண்டாம் என்கிறார்கள்.

தம்பி

---

ஏப்ரல் 13

டேய்,

யார் பேசினாலும் ஒன்றுதானே? அப்புறம் எதற்குடா கார்?

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் உன் கடிதத்தைப் படித்தேன். சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டேன். பில் போடுகிற பெண், "நல்ல செய்தியாக்கா?" என்றாள். "கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க, பின்வாசல் வழியா" என்றேன்.

அந்த நடிகைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவருக்கு ஏன் அந்த வரி வரவில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது ஸ்கிரிப்டில் இருந்த வரி இல்லை. அம்மாவும் அப்பாவும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். உன்னையும் எதிர்வீட்டுப் பிள்ளைகளையும் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டுவது என் வேலை. உனக்குப் பள்ளிக்கூடம் வேப்பங்காய். குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இழுத்துக்கொண்டு வந்தால் அழுவாய் என்று, தெரியாத மாதிரி வாசலில் நின்று சத்தமாகக் கேட்பேன், "எல்லாரும் ஏறியாச்சா? யாரையாவது விட்டுட்டோமா?" அதட்டினால் வரமாட்டாய், கொஞ்சினாலும் வரமாட்டாய். இரண்டும் இல்லாமல் கேட்க வேண்டும். அப்போதுதான் நீயாக, "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று ஓடி வருவாய்.

ஒருநாள் படப்பிடிப்பில் கப்பல் கிளம்பும் காட்சிக்கு வரி போதவில்லை, ஏதாவது சொல்லிவை என்றார்கள். வாயில் இதுதான் வந்தது. உனக்குச் சொன்னதைத்தான் நான் ஆமைக்குக் கொடுத்தேன். அது டிவியில் வந்த இரவு நீ எனக்குப் போன் பண்ணிச் சிரித்துக்கொண்டே இருந்தாய்.

ஆமையின் தம்பி என்று கூப்பிட்டது உனக்கு அவ்வளவு உறுத்தியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லியிருந்தால், "இவன் இல்லாம இந்த மன்றமே இல்லை" என்று அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து நானே சொல்லியிருப்பேன். நீ என்னிடம் சொல்லவில்லை. கண்ணாடி அறையில் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்தவரிடம் போய் அதற்கு ஆறுதல் தேடியிருக்கிறாய்.

படம் நின்றுவிடும் என்று பயந்தாயே, அதுகூட எனக்குப் புரிகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே, "போகட்டும் விடுடா, படம் வரட்டும்" என்று சொல்லியிருப்பேன். நிச்சயம் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லக்கூட எனக்கு நீ இடம் வைக்கவில்லை.

நான் வரமாட்டேன். யாருக்கும் எதையும் சொல்லித் தரமாட்டேன். ஜாக்கெட் துவைத்தால் சாயம் போகும், தனியாகத் துவை.

அக்கா

---

மே 25

அக்கா,

நீ பதில் போடச் சொல்லவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று முன்னோட்டம் வெளியானது. தியேட்டரில் ரசிகர்களுக்கு மட்டும் தனியாகக் காட்டினார்கள். பேப்பர், டிவி எல்லாம் வந்திருந்தன. எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் நீல ஜாக்கெட். மருந்துக்கடைக்காரர் பழைய ‘அப்பால்’ தொப்பியோடு வந்திருந்தார். விளக்கு அணைந்தது. இருட்டில் முதலில் குரல்தான் வந்தது. ‘எல்லாரும் ஏறியாச்சா?’

கொட்டகை இரண்டுபட்டது அக்கா. ‘யாரையாவது விட்டுட்டோமா?’ என்றதும் எல்லோரும், "இல்லை!" என்று கத்தினார்கள். வங்கி மேடம் நாற்காலிமேல் ஏறிவிட்டார். நானும் கத்தத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

நம் கூட்டங்களில் நீ பேசியதை எல்லாம் பதிவு பண்ணி வைத்திருந்தோமே, நீ வரமாட்டேன் என்று எழுதியபிறகு அந்த டேப்புகளைப் படக்கம்பெனிக்காரர்கள் மன்றத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் கொடுக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. அவை இருந்த பீரோவின் சாவி என்னிடம்தான் இருந்தது. நடிகை அதைத் தினமும் கேட்டுக் கேட்டுப் பேசியிருக்கிறார். ‘யாரையாவது’ என்பதற்கு முன்னால் நீ ஒரு சின்ன மூச்சு இழுப்பாய் இல்லையா, வாசலில் நின்று என்னைத் தேடுகிற மாதிரி. அதையும் இழுக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. எல்லோரும் அசந்துபோனார்கள். வெளியே வந்ததும் டிவிக்காரர் மைக்கை நீட்டி, "செயலாளர் சார், குரல் எப்படி?" என்றார். நான் ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டு, சூப்பர் என்றேன்.

நான் தப்புப் பண்ணிவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நம்பரைத் திறந்துவிடு. பேச வேண்டாம், திட்டு. நாயே, பேயே என்று போனில் ஒரு தடவை திட்டிவிட்டு வைத்துவிடு. அது போதும் எனக்கு.

தம்பி

---

ஜூன் 12

தம்பிக்கு,

டேப் கொடுத்த விஷயத்தைப் படித்தேன். என் மூச்சையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு எழுத என்னிடம் வார்த்தை இல்லை. வலிக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் பதில் போடவில்லை. போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் திங்கட்கிழமை நீ வந்திருந்தாய்.

நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். என் அறைக் கண்ணாடி வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும், உள்ளேயிருந்து பார்த்தால் ஹால் முழுக்கத் தெரியும். காலையிலிருந்து நான் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். டோக்கன் நாற்பது, ஐந்தாம் அறைக்கு வரவும். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. எதேச்சையாகத் தலையைத் தூக்கினால், தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவன் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். தலை மட்டும் ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்திருக்கிறது. நீ இளைத்துவிட்டாய்.

முதலில் பதறிப்போனேன். நிஜமாகவே உடம்புக்கு ஏதோ என்று நினைத்துவிட்டேன். திரையில் பெயர்களைத் தேடினேன். நாற்பத்தேழில் நீ இருந்தாய். காது டாக்டருக்குப் போட்டிருந்தாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து, நோயாளிகள் நடுவில் உட்கார்ந்து, நான் ஊருக்கெல்லாம் கூப்பிடுகிற குரலில் உன் பங்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். தெரியாமல் அதுவரைக்கும் கொடுத்துவிட்டேன். நாற்பத்தாறையும் கூப்பிட்டு முடித்தேன்.

அடுத்தது உன் எண். மைக்கில் விரலை வைத்தேன். உன்னைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? டேய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீ எழுந்து ஓடி வந்திருப்பாய். பிறகு பில் போடுகிற பெண்ணைக் கூப்பிட்டு மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டு, "கொஞ்ச நேரம் நீ பாரும்மா, தொண்டை சரியில்லை" என்று தள்ளி நின்றுகொண்டேன்.

அவளுக்கு நல்ல குரல். தெளிவாகத்தான் கூப்பிட்டாள். டோக்கன் நாற்பத்தேழு, ஐந்தாம் அறைக்கு வரவும். நீ கண்ணைத் திறந்தாய். ஸ்பீக்கரைப் பார்த்தாய். மறுபடி கூப்பிட்டாள், எண்ணோடு உன் பெயரையும் சேர்த்து. பக்கத்தில் இருந்தவர் உன் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்து, "தம்பி, உங்களைத்தான்" என்று தோளைத் தொட்டார். நீ அசையவில்லை. நாற்பத்தெட்டு போனது, நாற்பத்தொன்பது போனது. நீ அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஹால் காலியாகி, பெருக்குகிற அம்மா காலைத் தூக்கச் சொன்னபிறகுதான் எழுந்து போனாய்.

யார் பேசினாலும் ஒன்றுதான் என்று பேப்பருக்கு எழுதிக் கொடுத்தவன் நீ. அவள் உன் எண்ணைத்தான் கூப்பிட்டாள், உன் பெயரைத்தான் சொன்னாள். நீ ஏன்டா எழுந்திருக்கவில்லை?

அக்கா